சவுண்ட்ஸ்கேப்: ஒலிநிலம்

காட்டு மரமொன்றில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவிட்டு ஆய்வாளர்கள் திரும்பிவிடுகிறார்கள். அது வாரக்கணக்கில் தானாகவே பதிவு செய்துகொண்டிருக்கும். தேடிப் போனது ஒரு பறவையின் குரலாக இருக்கலாம்; ஆனால் தவளை, பூச்சி, மழை, தொலைவில் போகும் லாரி எல்லாமே அதில் விழும். ஓரிடத்தில் கேட்கும் இந்த மொத்தத்துக்குத்தான் சவுண்ட்ஸ்கேப் என்று பெயர்.

லேண்ட்ஸ்கேப் (நிலக்காட்சி) என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து வார்த்த சொல் இது. அதற்கும் மூலம் டச்சு மொழியின் 'லாந்த்ஸ்காப்'. அங்கே 'ஸ்காப்' என்ற ஒட்டுக்குத் தன்மை, நிலை என்றுதான் பொருள். பார்ப்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. நகர ஒலிகளை ஆராய்ந்த மைக்கேல் சவுத்வொர்த் 1969-இல் சவுண்ட்ஸ்கேப்பைக் கையாண்டார். பரவலாக்கியவர் கனடாவின் இசையமைப்பாளர் ஆர். மர்ரே ஷேஃபர்.

அறிவியலுக்கு இது எப்படி உதவுகிறது? இயற்கை ஒலிகளைப் பதிவு செய்துவந்த பெர்னி கிராஸ் 1988-இல் கலிபோர்னியாவின் லிங்கன் மெடோவில், மரம் வெட்டுவதற்கு முன் ஒரு விடியலைப் பதிவு செய்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெட்டப்போகிறோம், பாதிப்பு இராது என்று மரம் வெட்டும் நிறுவனத்தார் சொல்லியிருந்தார்கள். மறு ஆண்டு அதே பருவத்தில் போய்ப் பார்த்தால் இடம் மாறாததுபோலவே இருந்தது. ஆனால் அலைமாலை வரைபடத்தில் (இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண்) முன்பு அடர்ந்து கிடந்த பறவைக் கோடுகளைக் காணோம். ஓடையின் சலசலப்பும் ஒரு மரங்கொத்தியின் தட்டலும்தான் மிச்சம். கண்ணுக்குத் தப்பியது காதில் சிக்கியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒலிக்காட்சி' என்பது ஒட்டின் பொருளைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வருவது. 'ஒலிப்பரப்பு' என்றால் வானொலி நினைவுக்கு வரும். 'நிலவொலி' என்று எழுதினால், அச்சுப்பிழை என்று யாராவது 'நிலவொளி' ஆக்கிவிடுவார்கள். 'ஒலிச்சூழல்' நல்ல சொல்தான். ஆனால் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் 2014-ஆம் ஆண்டு வரையறை ஓரிடத்தில் இருக்கும் ஒலிகளையும், மனிதர் அவற்றை உணரும் விதத்தையும் பிரிக்கிறது, சவுண்ட்ஸ்கேப் இரண்டாவது. ஒலிச்சூழலை முதலாவதற்கே விட்டுவிடலாம்.

என் தேர்வு 'ஒலிநிலம்'. தமிழில் நிலம் வெறும் மண்ணல்ல. குறிஞ்சி, முல்லை என்று பிரித்தபோதே ஒவ்வொன்றுக்கும் தனிப் புள், தனிப் பறை, தனி யாழ் என்று வகுத்துவிட்டார்கள். பிற சொற்களோடு சேர்க்கவும் வசதி: ஒலிநிலப் பதிவு, ஒலிநிலச் சூழலியல். உட்பிரிவுகளான பயோஃபனி, ஜியோஃபனி, ஆந்த்ரோபோஃபனி மூன்றையும் உயிரொலி, புவியொலி, மனிதவொலி என்றே சொல்லிவிடலாம்.