பவர் கண்ணாடி போட்டவர் பைக் ஓட்டலாமா? நீலகிரிக்காரர்களுக்கு லைசென்ஸ் விதி

ஓட்டலாம். கண்ணாடி போட்டவருக்கு டூ வீலர் லைசென்ஸ் கிடையாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் எல்.எல்.ஆர் (பழகுநர் லைசென்ஸ்) போடக் கிளம்பும் பிள்ளைகளிடம், "இன்ஸ்பெக்டர் முன்னாடி கண்ணாடியக் கழட்டிடு தம்பி, எதுக்கு வம்பு" என்று யாராவது காதில் ஓதிவிடுகிறார்கள். விதி கேட்பதோ இதற்கு நேர் எதிர்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், அதன் கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும்தான் இதற்கு அடிப்படை. லைசென்ஸ் விண்ணப்பத்தோடு படிவம் 1 என்று ஒன்று வரும். உடல் தகுதியைப் பற்றி நாமே எழுதிக் கையெழுத்துப் போடும் உறுதிமொழி அது. வலிப்பு உண்டா, கை கால் இழப்பு உண்டா, காது கேட்குமா என்ற கேள்விகளோடு கண்ணைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் முக்கியமானது இது: நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் கார் நம்பர் பிளேட்டை ஒவ்வொரு கண்ணாலும் உங்களால் அடையாளம் காண முடியுமா? கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு பார்த்தே பதில் சொல்லலாம் என்று அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரிகிறது என்றால் உங்கள் பதில் 'ஆம்'. அதில் பொய்யும் இல்லை, சலுகையும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எட்டு போடப் போகிறவர்தான் சிக்கலைத் தேடிக்கொள்கிறார். மங்கலான கண்ணோடு கோட்டுக்குள் வண்டியைத் திருப்ப வேண்டியிருக்கும், வேறென்ன?

இந்த 25 மீட்டர் சோதனையை இ-சேவை மையத்துக்குப் போவதற்கு முன் வீட்டு வாசலிலேயே செய்து பார்த்துவிடுங்கள். காரின் பின்னால் நின்று, பெரியவர் நடையில் 33 அல்லது 34 அடி எடுத்து வைத்தால் ஏறக்குறைய 25 மீட்டர். எல்லநள்ளி, கேத்தி பக்கம் வீடு என்றால் சமதளத்தில் அவ்வளவு இடம் கிடைப்பதே கஷ்டம். பள்ளிக்கூட மைதானத்துக்குப் போங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் இடக்கண்ணை உள்ளங்கையால் மூடிப் படியுங்கள், அப்புறம் வலக்கண்ணை. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்து 'தெரியுது' என்று சொல்லிவிட்டால் சோதனை முடிந்ததாக ஆகாது. ஒரு கண் மட்டும் மெல்ல மங்கிக்கொண்டு வருவதை இன்னொரு கண் மறைத்துவிடும். கண் டாக்டரிடம் போய் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிய பிறகுதான் பலருக்கு அது தெரியவே வருகிறது.

பைக்கின் நம்பர் பிளேட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். விதிப்படி காரின் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம். டூ வீலரின் எழுத்து அதைவிடச் சிறியது. படிவம் கேட்பது கார் பிளேட்.

இந்த அளவுகோல் கடினமானதா என்றால், இல்லை. கண் ஆஸ்பத்திரி அட்டையில் 6/6 வரியை, அதாவது குறையில்லாத பார்வைக்கான வரியை, படிப்பவரால் 25 மீட்டரில் சுமார் 36 மில்லிமீட்டர் எழுத்தையே படிக்க முடியும். கார் பிளேட்டின் எழுத்து கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. கீழ் எண் கூடக் கூடப் பார்வை மங்கல் என்று பொருள்; கணக்குப் போட்டால் 6/9 பார்வை உள்ளவர் எளிதாகத் தேறிவிடுவார், 6/12 உள்ளவர் திணறுவார். அதாவது கொஞ்சம் பவர் குறைந்த பழைய கண்ணாடியோடும் இந்தச் சோதனையில் தப்பித்துவிடலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அந்த 25 மீட்டரை இரண்டே கால் வினாடியில் கடந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது 'நன்றாகத் தெரிகிறது' என்பதற்கான அளவு இல்லை, 'இதற்குக் கீழே போகக்கூடாது' என்பதற்கான அளவு என்று விளங்கும்.

டாக்டர் எப்போது பார்ப்பார்?

சொந்த வண்டி ஓட்டும் லைசென்ஸுக்கு 40 வயது வரை உங்கள் உறுதிமொழியே போதும். 40-ஐத் தாண்டியவர், அதோடு எந்த வயதானாலும் வாடகை வண்டி லைசென்ஸ் கேட்பவர், படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் அதில் பார்வைக் குறை உண்டா, அது கண்ணாடியால் சரியாகியிருக்கிறதா, 25 மீட்டர் பிளேட் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். தூரப் பார்வையையும் காதையும் தனிக் கவனத்தோடு பார்த்ததாக அவரே சான்று சொல்லும் வரியும் அதில் இருக்கிறது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தித் தருகிற கிளினிக் எல்லா ஊரிலும் ஒன்று உண்டு. அங்கே போய்ப் பணம் கொடுப்பதைவிட, கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய், "டாக்டர், ஒவ்வொரு கண்ணாப் பாருங்க" என்று கேட்டு வாங்குவது உங்களுக்கே நல்லது.

இப்போது எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது லைசென்ஸ் செல்லுபடியாகும் காலமும் மாறியது. 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது ஆகும் வரை செல்லும். 30 முதல் 50-க்குள் எடுத்தால் அல்லது புதுப்பித்தால் 10 ஆண்டு. 50 முதல் 55-க்குள் என்றால் 60 வயது வரை. 55-க்கு மேல் ஐந்தைந்து ஆண்டு. 18 வயதில் எல்.எல்.ஆர் போட்டு லைசென்ஸ் வாங்கும் பையனிடம், அவன் 40-ஐத் தொடும் வரை 22 ஆண்டுகள், அவன் கண்ணைப் பற்றி அரசாங்கம் ஒரு வார்த்தை கேட்காது. கிட்டப்பார்வை பலருக்கு இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் கூடிக்கொண்டே போகும். பிளஸ் டூ முடித்தபோது மைனஸ் ஒன்று இருந்தது நாலைந்து வருடத்தில் மைனஸ் இரண்டரை ஆகியிருக்கலாம். லைசென்ஸ் அட்டை அப்படியே இருக்கும். கண்ணை வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளும் வேலையைச் சட்டம் நம் தலையிலேயே போட்டிருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன்.

அதற்காகச் சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்றும் எண்ண வேண்டாம். 16-ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் உள்ளவர் வண்டி ஓட்டத் தகுதி இழந்துவிட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், ஆர்.டி.ஓ. எப்போது வேண்டுமானாலும் மருத்துவச் சான்றிதழ் கேட்கலாம், லைசென்ஸை ரத்தும் செய்யலாம். தவறான தகவல் கொடுத்து வாங்கிய லைசென்ஸ் என்றால் 19-ஆம் பிரிவு இருக்கிறது. ஆபத்து என்று தெரிந்தே உடல் குறையோடு பொதுச் சாலையில் ஓட்டினால் 186-ஆம் பிரிவில் முதல் தடவை 1,000 ரூபாய் வரை, அடுத்த தடவை 2,000 ரூபாய் வரை அபராதம்.

நிறம், மாலைக்கண், ஒற்றைக் கண்

சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்களுக்கு முன்பு கதவு அடைத்தே இருந்தது. 2020 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் படிவம் 1, 1ஏ இரண்டையும் திருத்தி, லேசான, நடுத்தர நிறக்குறை உள்ளவர்களுக்கு வழி விட்டது. கடுமையான நிறக்குறைக்கு இன்னும் இல்லை. எந்த அளவு என்பதைக் கண் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாலைக்கண் உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினாலோ, பிளேட் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினாலோ உடனே விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட மாட்டார்கள். முழு விவரம் எழுதச் சொல்கிறது படிவம். மேற்கொண்டு விளக்கமும் கேட்கலாம். லைசென்ஸ் எடுத்து ஐந்தாண்டு கழித்து ஒரு கண் பார்வை போனவர்களுக்குப் படிவத்தில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது சொந்த உபயோகக் காருக்கான வாசகம். காரில் ஓட்டுநர் பக்கம் வெளியே சைடு மிரரும் இருக்க வேண்டும். அதை பைக்குக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம்பர் பிளேட் சோதனையில் சிக்காமல் நழுவும் குறைகளும் உண்டு. கண் நீர் அழுத்த நோயில் நேர்ப் பார்வை நன்றாக இருக்கும்போதே பக்கப் பார்வை குறைந்துகொண்டு போகும். கண்புரை தொடங்கியவருக்குப் பகலில் பிளேட் தெரியும். இரவில் எதிரே லாரி லைட் அடித்தால் எல்லாம் வெள்ளையாகிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊட்டி, குன்னூர் அரசு மருத்துவமனைகளில் கண்ணைக் காட்ட வெளிநோயாளிச் சீட்டு போட்டாலே போதும். அரசு மருத்துவமனைகளில் புரை அறுவை சிகிச்சை லென்ஸ் உட்பட இலவசம்.

படிவம் சொல்லும் 'நல்ல பகல் வெளிச்சம்' நம் மலையில் எத்தனை நாள் கிடைக்கிறது? ஐப்பசி, கார்த்திகையில் காட்டேரியிலிருந்து பர்லியார் வரை பகல் மூன்று மணிக்கே மிஸ்ட் இறங்கிவிடும். ஆடியில் கூடலூர், தேவாலா பக்கம் விடாத மழை. இந்த நாட்களில் கண்ணாடிக்காரருக்கு வரும் தொல்லையே வேறு. மங்கி கேப், அதன் மேல் ஹெல்மெட், மூக்கு வரை மப்ளர். விடுகிற மூச்சு வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறி லென்ஸில் படியும். கொண்டை ஊசி வளைவுக்குள் வேகம் குறையும்போது காற்றும் நின்றுபோய், சரியாக அந்த நேரத்தில் இரண்டு லென்ஸும் வெளுத்துவிடும். மப்ளரை மூக்குக்குக் கீழே இறக்கிக் கட்டுங்கள், வைசரை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். அப்படியும் மூடினால் ஓரம் கட்டித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வளைவு. மலைப்பாதையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளில், கீழிருந்து திணறி ஏறிவரும் வண்டியை முன்கூட்டியே பார்த்து நிற்க வேண்டியது இறங்குகிறவரின் பொறுப்பு. பார்க்க முடியாவிட்டால் எப்படி வழிவிடுவது?

வெயிலில் கறுக்கும் கண்ணாடி வாங்கும்போது ஒன்றை யோசியுங்கள். குளிரில் அந்த லென்ஸ் அதிகமாகக் கறுக்கும், திரும்ப வெளுக்கவும் நேரம் எடுக்கும். தொட்டபெட்டா வெயிலிலிருந்து சட்டென்று சோலை நிழலுக்குள் நுழைந்தால் சில நிமிடம் இருட்டுக் கண்ணாடியோடுதான் ஓட்டுவீர்கள். மலையில் பைக்குக்குச் சாதா லென்ஸே மேல் என்பது என் கருத்து. வெள்ளெழுத்துக்காகப் படிக்க மட்டும் வைத்திருக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டக்கூடாது. அதில் தூரம் மங்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் வைசரை இறக்கிவிட்டு ஓட்டட்டும், காற்றில் லென்ஸ் உலர்ந்தால் போட்டுக்கொள்ள ஒரு கண்ணாடியைப் பையில் வைத்திருக்கட்டும்.

புதுப்பிப்பதைப் பற்றிக் கொஞ்சம். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதியான பின் ஒரு வருடத்துக்குள் என்றால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை; அதைத் தாண்டினால் திரும்பவும் எட்டு போட வேண்டும். பழைய 30 நாள் சலுகை 2019 திருத்தத்தில் போய்விட்டது, தேதி முடிந்த மறுநாளே ஓட்டக்கூடாது. உங்கள் வண்டி டி.என்.43 என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஊட்டியில். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கூடலூரில் பகுதி அலுவலகம் இருக்கிறது. கண்ணாடியை மாற்றினால் உடனே அங்கே போய்ச் சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். பவர் மாறியதற்காக லைசென்ஸை மாற்ற வேண்டியதில்லை. அடுத்த முறை படிவம் நிரப்பும்போது அன்றைய கண், அன்றைய கண்ணாடி, அதை வைத்துப் பதில் எழுதினால் போதும்.

கண்ணைக் காரணம் காட்டி லைசென்ஸ் தர மறுத்தால், வாய்மொழியாக 'முடியாது' என்று சொல்லி அனுப்ப அதிகாரிக்கு உரிமை கிடையாது. காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது 17-ஆம் பிரிவு. அந்த உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குள் கண் மருத்துவரிடம் கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் பார்வை எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வாங்கி மனுவோடு இணைத்துவிடுங்கள்.