பழைய ரோபோ கை: சரிசெய்வதா, பிரித்தெடுப்பதா?

எப்போதோ புராஜெக்டுக்காக வாங்கி, இப்போது அசையாமல் கிடக்கும் ரோபோ கை ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலோ கல்லூரி அலமாரியிலோ இருக்கலாம். அதை ஆக்கர் கடையில் எடைக்குப் போடுவதா, உயிர்கொடுப்பதா, பிரித்து உதிரியாக வைத்துக்கொள்வதா? பலர் உடனே மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கையின் நுனியைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள்.

ஒரு ரோபோ கையில் எளிதில் மாற்றக்கூடியது அதன் மூளையான கட்டுப்பாட்டுப் பலகை. 1981-இல் பிரிட்டனின் கோல்ன் ரோபாட்டிக்ஸ் வெளியிட்ட ஆர்ம்டிராய்டு, ஆறு ஸ்டெப்பர் மோட்டார்களின் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) அசைவைக் கயிறுகள் வழியாக மூட்டுகளுக்குக் கொண்டுபோனது. அதை இயக்க அன்று தனியாக ஒரு கணினி வேண்டும். இன்று அந்த வேலையை ஆர்டுயினோ என்ற சின்ன கணினிப் பலகையும், மோட்டாருக்கு மின்சாரம் தரும் சில டிரைவர் பலகைகளும் செய்துவிடும். ஆனால் நேராகத் துளையிட்ட அலுமினியத் தகடு, சரியாகப் பொருந்திய பேரிங், தேயாத பல்சக்கரம் ஆகியவற்றைத் திரும்ப உருவாக்க லேத் பட்டறையில் நிறைய வேலை இருக்கிறது. அதனால் கையின் மதிப்பை மூட்டுகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

மூட்டில் இருக்கும் தளர்வை மெக்கானிக்குகள் 'பிளே' என்பார்கள். மோட்டார் நின்ற பிறகும் கை கொஞ்சம் அப்படி இப்படி ஆடுமே, அதுதான். தோள்மூட்டில் 1 டிகிரி பிளே, கையின் நீளம் 40 சென்டிமீட்டர் என்று வையுங்கள். நுனியில் அது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் ஆகிவிடும். முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் தளர்வும் இதோடு சேரும். மணிக்கட்டில் அதே 1 டிகிரி இருந்தால் பெரிய பாதிப்பு இல்லை, ஏனென்றால் அங்கிருந்து நுனி பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே இடுப்பையும் (கை முழுவதையும் திருப்பும் அடிமூட்டு) தோளையும் கண்டிப்பாகச் சோதியுங்கள், மணிக்கட்டைக் கொஞ்சம் மன்னியுங்கள். தளர்வு பேரிங்கிலோ திருகிலோ இருந்தால் சரிசெய்யலாம். பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தால், அதே பல் எண்ணிக்கையும் அதே அளவும் கொண்ட மாற்று கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அடுத்தது மோட்டார். ஸ்டெப்பர் மோட்டார்தான் காலத்தை நன்றாகத் தாங்கும். உள்ளே உரசித் தேயும் பிரஷ் கிடையாது, பேரிங் மட்டும்தான் தேயும். பரவலாகக் கிடைக்கும் வகை ஒரு சுற்றுக்கு 200 படி எடுக்கும். மின்சாரம் இல்லாமலே அதைச் சோதிக்க ஓர் அழகான வழி இருக்கிறது: ஒரு சுருளின் இரண்டு கம்பிகளையும் ஒன்றாகத் தொடவைத்துத் தண்டைத் திருப்புங்கள். சுழற்சியால் சுருளில் உண்டாகும் மின்னோட்டம் அந்தச் சுழற்சியையே எதிர்க்கும், தண்டு சட்டென்று கனக்கும். கனத்தால் சுருள் அறுபடவில்லை என்று அர்த்தம். எந்தக் கம்பிக்கு எது ஜோடி என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் செர்வோ மோட்டார் அப்படியல்ல. அதன் தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு சின்ன பொட்டன்ஷியோமீட்டர் (திருப்பினால் மாறும் மின்தடை) 'இப்போது இங்கே இருக்கிறேன்' என்று மின்னழுத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்ல 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும் மின்துடிப்பின் நீளம் 1.5 மில்லிசெகண்ட் என்றால் நடுநிலை. 1 என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம். பொட்டன்ஷியோமீட்டரின் தடம் தேய்ந்துவிட்டால் செர்வோ தன் இடம் தெரியாமல் நடுங்கும். அதைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவதே மேல். ஆனால் மலிவானதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 25 சென்டிமீட்டர் கையின் நுனியில் 100 கிராம் எடை வைத்தாலே தோளுக்கு 2.5 கிலோகிராம்-சென்டிமீட்டர் முறுக்குவிசை தேவை, கையின் சொந்த எடை தனி. எஸ்ஜி90 வகைச் செர்வோ 4.8 வோல்ட்டில் சுமார் 1.8-இலேயே திணறி நின்றுவிடும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கூடுதலாக ஒன்று சேர்கிறது: கடல். குளச்சல், முட்டம் பக்கத்துக் காற்றில் உப்பு உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெய்வதால் ஈரத்துக்கும் குறைவில்லை. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை உப்பில் இருக்கும் குளோரைடு துளைத்துவிடும். எஃகுத் திருகும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் நின்றால் அங்கே ஒரு குட்டி மின்கலமே உருவாகி, அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகும். திருகு இறுகிவிடும். முறுக்கி இழுத்தால் தலை முறியும். இறுக்கம் தளர்த்தும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவையுங்கள், துடைத்த பிறகு அந்த இடத்தைச் சூடாக்குங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட அதிகம் விரிவதால் பிடி தளரும்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கனிம மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் உப்புத்தாளில் சேர்க்கும் அளவுக்குக் கடினமானது. பழைய கிரீஸில் அப்படி மணல் ஒட்டியிருந்தால் அதன் மேலேயே புது கிரீஸ் தடவாதீர்கள். முழுவதும் துடைத்தெடுத்த பிறகுதான் புதியது.

கட்டுப்பாட்டுப் பலகையில் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தால், என் கணிப்பில் அந்தப் பலகைக்காக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. பழைய கணினியின் பிரிண்டர் துளையில் செருகும் இணைக் கேபிளில் ஓடிய கைகளின் பலகைக்கும் இதுதான். யூஎஸ்பி மாற்றிகள் பெரும்பாலும் பிரிண்டருக்காகச் செய்யப்பட்டவை, மோட்டாருக்கான ஒவ்வொரு பின்னையும் தனியாக இயக்க விடாது. ஒரே ஒரு விலக்கு: ஆர்ம்டிராய்டு போன்ற, இனி கிடைக்காத கை. அதன் பலகை இயங்காவிட்டாலும் எறியக் கூடாது. அதில் நிரலைச் சேமித்து வைக்கும் ஈப்ராம் சிப் இருந்தால், உள்ளே இருக்கும் மின்னூட்டம் வருடங்கள் போகப் போகக் கசிவதால், அதன் நிரலை உடனே நகலெடுத்து வைக்க வேண்டும்.

மற்றபடி இடுப்பும் தோளும் உறுதியாக இருந்தால் சரிசெய்யுங்கள். இரண்டும் ஆடுகின்றன, மாற்றுப் பல்சக்கரமும் இல்லை என்றால் தயங்காமல் பிரித்துவிடுங்கள். ஸ்டெப்பர், பேரிங், தண்டு, தகடு ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். பழைய மின்தேக்கியும் பேட்டரியும் மின்கழிவோடு போகட்டும். சரிசெய்த கையை மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து எல்லா மூட்டுகளையும் முழு வீச்சுக்கு இயக்குங்கள், அப்போதுதான் கிரீஸ் ஒரே இடத்தில் தேங்காமல் பல் முழுவதும் பரவும்.