குடத்துச் சீட்டும் அங்கன்வாடிக் குழந்தையும்

“எங்கள் தெரு அங்கன்வாடிக்குப் போன பிள்ளைகள் முதல் வகுப்பில் நன்றாகவே படிக்கிறார்கள். அப்படியிருக்க, திட்டம் பயன் தருகிறதா என்று தனியே ஆராய வேண்டிய தேவை என்ன?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு நாட்டின் குழந்தை நலக் கொள்கையை மதிப்பிடுவதில் உள்ள முழுச் சிக்கலும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

மூன்று வயதில் சேர்ந்த குழந்தை ஐந்து வயதில் வெளியே வரும்போது நிறையப் பேசும், எண்ணும், பாடும். ஆனால் எந்த மையத்துக்கும் போகாத குழந்தையும் அந்த இரண்டு ஆண்டுகளில் வளர்ந்துதான் இருக்கும். ஆகவே முன்பும் பின்பும் அளந்து கழித்தால் கிடைப்பது வயதின் பலனா திட்டத்தின் பலனா என்று பிரித்தறிய முடியாது. போன குழந்தைகளையும் போகாத குழந்தைகளையும் ஒப்பிட்டாலோ, நாள் தவறாமல் கொண்டுவந்து விடும் தாயின் அக்கறையும் குடும்பத்தின் வசதியும் கணக்கில் கலந்துவிடுகின்றன. தேசிய அளவிலும் இதே இடர்தான். ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்களின் பங்கு 2015-16ஆம் ஆண்டுக் குடும்ப நல ஆய்வில் 38.4 விழுக்காடாக இருந்து, 2019-21இல் 35.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே ஆண்டுகளில் கழிப்பறைகள் கட்டப்பட்டன, தாய்மார்களின் கல்வி உயர்ந்தது, சத்துணவுத் திட்டங்களும் நடந்தன. குறைந்த பங்கில் எதற்கு எவ்வளவு என்பதை இந்த இரண்டு எண்கள் மட்டும் சொல்லிவிடாது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் கருவி, என்னைப் பொறுத்தவரை, புள்ளியியலின் மிக அழகான கண்டுபிடிப்பு. அதன் பெயர் குலுக்கல். உத்தரமேரூர்க் கோயில் சுவரில் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டைப் பள்ளியில் படித்திருப்போம். ஊர்ச் சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். சிறுவனின் கைக்கு யாரிடமும் சார்பு இல்லை என்பதே அந்த முறையின் வலிமை. அன்று நடுநிலைக்காகப் பயன்பட்ட அதே பண்பை இன்றைய ஆய்வாளர்கள் அளவீட்டுக்காகப் பயன்படுத்துகிறார்கள்.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகளாக விரிந்திருக்கிறது. பொதுவாக ஒரு மையத்தில் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இருப்பார்கள். எடை பார்ப்பது, சத்துமாவு வழங்குவது, கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் செல்வது, பதிவேடுகளை எழுதுவது ஆகிய அனைத்தையும் முடித்த பிறகே அந்தப் பணியாளரால் முன்பருவக் கல்விக்கு வர முடிகிறது. பாடம் நடத்துவதற்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினால் என்ன ஆகும் என்பதை அறிய, பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்திரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் தமிழ்நாட்டில் 320 மையங்களைத் தெரிவுசெய்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அந்தக் கூடுதல் பணியாளரை வழங்கினார்கள்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். குலுக்கலுக்குத் தாயின் படிப்பு தெரியாது. ஊருக்குத் தண்ணீர் வருகிறதா, பணியாளர் அன்பானவரா என்பதும் தெரியாது. எதுவும் தெரியாத காரணத்தாலேயே, போதிய எண்ணிக்கையில் மையங்கள் இருக்கும்போது, படித்த தாய்மார்களும் வறண்ட ஊர்களும் அன்பான பணியாளர்களும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழுகிறார்கள். தற்செயலாக ஏற்படக்கூடிய சிறு வேறுபாடு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். ஆய்வாளர் பட்டியலிட மறந்த காரணங்களும், இதுவரை யாரும் பெயரிடாத காரணங்களும்கூட இவ்வாறே சமப்படுகின்றன. நாம் அறியாதவற்றையும் சேர்த்து ஈடுசெய்யும் இந்தப் பண்பை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

18 மாதங்களுக்குப் பிறகு, கூடுதல் பணியாளர் இருந்த மையங்களில் நிகரக் கற்பித்தல் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. மையத்தில் தொடர்ந்து இருந்த குழந்தைகளின் மதிப்பெண்கள் கணிதத்தில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்கம் உயர்ந்திருந்தன. இந்த எண்களை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: நூறு குழந்தைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் குழந்தை கணிதத்தில் சுமார் 11 பேரையும் மொழியில் சுமார் 18 பேரையும் தாண்டி முன்னே செல்கிறது. எனக்கு இதைவிடவும் பெரிதாகத் தோன்றுவது இன்னொரு முடிவு. புதியவர் கற்பித்தலை ஏற்றுக்கொண்டதால் பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிகளுக்கு நேரம் கிடைத்தது. அம்மையங்களில் வளர்ச்சிக் குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைவாகக் காணப்பட்டன. பாடம் சொல்ல ஒருவரைச் சேர்த்ததால் குழந்தைகளின் உயரமும் கூடியது.

‘எங்கள் வம்சமே குட்டை’ என்று சொல்லி இந்த உயரக் குறைவைத் தலையெழுத்தாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பாலும் நல்ல உணவும் தூய சூழலும் பெற்ற குழந்தைகளை அளந்த உலக சுகாதார நிறுவனம், முதல் ஐந்து ஆண்டுகளில் அவர்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்வதைக் கண்டு, 2006இல் வளர்ச்சித் தரங்களை வெளியிட்டது. தனிக் குழந்தையின் உயரத்தில் மரபுக்குப் பங்குண்டு. ஆனால் ஒரு நாட்டுக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் குன்றியிருப்பதற்கு மரபைக் காரணம் காட்ட இடமில்லை.

குலுக்கல் நமக்கு உவப்பில்லாத விடைகளையும் தரும். அமெரிக்காவின் டென்னசி மாநில முன்பருவப் பள்ளிகளில் குலுக்கலில் இடம் பெற்ற குழந்தைகள் ஆறாம் வகுப்புத் தேர்வில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தனர் என்று 2022இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. பாஸ்டன் நகரிலோ, குலுக்கலில் இடம் பெற்றவர்களின் பள்ளித் தேர்வு மதிப்பெண்களில் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் அவர்களில் கல்லூரிக்குச் சென்றோர் அதிகம். கட்டடங்களையும் சேர்க்கையையும் மட்டும் எண்ணும் ஆண்டறிக்கையால் இந்த இரு இடங்களையும் வேறுபடுத்திக் காட்ட முடியாது. எப்போது அளக்கிறோம் என்பதைப் பொறுத்தும் விடை மாறுகிறது.

எந்தப் புதிய திட்டத்தையும் எல்லா மையங்களிலும் ஒரே நாளில் தொடங்குமளவுக்கு அரசிடம் பணம் இருப்பதில்லை. எப்படியும் சில ஊர்கள் முதலிலும் சில ஊர்கள் பிறகும் பெறுகின்றன. அந்த வரிசையைப் பரிந்துரைக்கு விடாமல் குலுக்கலுக்கு விட்டால், சலுகை குறித்த மனத்தாங்கலும் குறையும், நம்பத்தக்க அளவீடும் கிடைக்கும். அதற்கான ஆய்வுச் செலவைத் திட்டத்தின் முதல் நிதி ஒதுக்கீட்டிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த 320 மையங்களில் பயின்ற குழந்தைகள் இப்போது பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களை எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் மீண்டும் சந்தித்து அளப்பதற்கான பணத்தை இன்றே ஒதுக்கி வைக்க வேண்டும்.