நாசில்: மூச்சு விடும் மூக்கு

பெட்ரோல் போடும் குழாயின் முனையை அடுத்த முறை கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நுனியிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, குழாயின் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு துளை இருக்கும். எரிபொருள் அதன் வழியாக வருவதில்லை. அந்தத் துளை எதற்காக என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, எரிபொருள் ஊற்றும் அந்த முனைக் கருவியான 'நாசில்' என்பதற்குத் தமிழில் என்ன பெயர் என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை. அதன் பெயர் மூக்கு.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் மூக்கைக் குறிக்கும் 'நோஸ்' என்ற சொல்லோடு சிறுமையைக் காட்டும் விகுதி ஒன்று சேர்ந்து உருவானதுதான் நாசில். நேர்ப்பொருள், சிறுமூக்கு. 'நாசி' என்ற சொல் உடனே நினைவுக்கு வருகிறதல்லவா? அந்த ஒலி ஒற்றுமை தற்செயலானது அன்று. நாசி வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். வடமொழியும் ஆங்கிலமும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே. நம் 'மூக்கு' வேறு குடும்பத்துப் பிள்ளை. மலையாளத்தில் மூக்கு, கன்னடத்தில் மூகு, தெலுங்கில் முக்கு என்று அதன் உடன்பிறப்புகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

ஆங்கிலம் ஒரு விகுதியைச் சேர்த்துச் செய்ததைத் தமிழ் விகுதி எதுவும் இல்லாமலே செய்துவிட்டது. கெண்டியில் நீர் வார்க்கும் குழலுக்கு மூக்கு என்றுதான் பெயர். பறவையின் அலகும் மூக்குதான். செடியில் விளையும் விதைக்குக்கூட மூக்கு உண்டு: செந்நிறக் குன்றிமணியின் கரிய முனையை 'குன்றி மூக்கு' என்கிறது 277ஆம் குறள். ஒரு பொருளிலிருந்து நீண்டோ கூர்ந்தோ நிற்கும் முனையை மூக்கு என்பது நமக்கு அவ்வளவு பழைய பழக்கம்.

ஆனாலும் கலைச்சொல் ஆக்குபவர்கள் மூக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உடலுறுப்பின் பெயர் என்பதால் பொறியியலுக்கு எளிமையாகத் தோன்றுகிறதோ என்னவோ! 'கூம்புக்குழல்' என்றொரு சொல் உண்டு. ராக்கெட்டின் வாலுக்கு அது பொருந்தும். பெட்ரோல் குழாயின் முனையோ சற்றே வளைந்த, ஒரே அகலமுள்ள குழல். அதில் கூம்பு எங்கே இருக்கிறது? 'பீச்சுக்குழல்' என்றால் வேகமாகச் சிதறியடிக்கும் கருவி கண்முன் வரும். இது பீச்சுவதில்லை, வார்க்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் கைப்பிடியின் உருவத்தைப் பார்த்து இதைக் கைத்துப்பாக்கி என்கிறார்கள், 'பிஸ்தோலே' என்று. ஜெர்மானியர்களிடமும் அதே துப்பாக்கிதான். உருவம் சரி, பெட்ரோல் நிற்கும் இடத்தில் துப்பாக்கி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போட்டியில் வலுவாக நிற்கும் ஒரே சொல் தூம்பு. உள்துளை உடைய குழாயும் தூம்புதான், ஏரியிலிருந்து நீரை அளவோடு திறந்துவிடும் மதகும் தூம்புதான். யானையின் துதிக்கையைப் புறநானூறு 'தூம்புடைத் தடக்கை' என்கிறது. எவ்வளவு அழகு! நீரை வார்ப்பதும் மூச்சு விடுவதும் அந்த ஒரே குழாயில் நடக்கின்றன. அதனால் கைப்பிடியிலிருந்து நீளும் உலோகக் குழாயைத் தூம்பு என்றும், முழுக் கருவியையும் மூக்கு என்றும் சொல்லலாம் என்பது என் முடிவு.

இப்போது அந்த மிளகுத் துளைக்கு வருகிறேன். விசையை அழுத்தியதும் கைப்பிடிக்குள் இருக்கும் வால்வு திறக்கிறது. எரிபொருள் ஓர் இடுக்கான பாதையைக் கடந்து தூம்புக்குள் பாய்கிறது. இடுக்கில் நுழையும் திரவத்துக்கு வேகம் கூடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். 1797இல் இதைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்ட இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சுரியின் பெயராலேயே இதை வெஞ்சுரி விளைவு என்கிறோம். அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். அவை காற்றை உறிஞ்சுகின்றன. தூம்பின் உள்ளே ஓடும் மெல்லிய குழாய் ஒன்று அந்தக் காற்றை நுனியிலுள்ள மிளகுத் துளையிலிருந்து கொண்டுவருகிறது. எரிபொருள் வெளியே போய்க்கொண்டிருக்கும் நேரமெல்லாம் காற்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது. கருவி மூச்சு இழுக்கிறது என்று சொன்னால் அது உவமைகூட அன்று.

டாங்க் நிரம்புகிறது. எரிபொருள் மட்டம் ஏறி நாசித்துளையை மூடுகிறது. மூச்சு நின்றதும் உள்ளே உறிஞ்சும் வலு சட்டென்று கூடுகிறது. அது ஒரு மெல்லிய சவ்வை இழுக்கிறது; சவ்வோடு பிணைந்த தாழ் விலகுகிறது; விரல் அழுத்திக்கொண்டிருந்தாலும் விசைக்குப் பிடிமானம் போய்விடுகிறது; சுருள்வில் வால்வை அறைந்து மூடுகிறது. நாம் கேட்கும் அந்த 'டக்' சத்தம் இதுதான். மின்சாரமோ கணினியோ இந்த வேலைக்குத் தேவையில்லை. தொட்டி நிரம்பியதை மூக்கு அறிவது தன் மூச்சு தடைபடுவதால் மட்டுமே. 'கூம்புக்குழல்' இதைச் சொல்லுமா?

இந்த மூக்கின் குறைகளையும் மூச்சை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். மிக மெதுவாக, துளித்துளியாக ஊற்றினால் இடுக்கில் போதிய வேகம் இருக்காது. மூச்சும் வலுவாக இராது. நிரம்பினாலும் தானாக நிற்காமல் போகலாம். டீசல் நுரைத்து மேலே வந்தால், டாங்க் நிரம்பும் முன்பே துளையை நுரை அடைத்து 'டக்' என்று நின்றுவிடும்.

மூக்குக்குப் பின்னால் இருக்கும் 'பம்ப்' என்ற சொல்லையும் ஒரு வார்த்தை பேசிவிடலாம். தமிழில் அதற்கு 'எக்கி' என்ற கலைச்சொல் இருக்கிறது. வயிற்றை எக்கினால் உள்ளே இழுக்கிறோம். எக்கிப் பறித்தால் மேலே எழும்புகிறோம். உறிஞ்சுதல், மேலேற்றுதல் என்று பம்ப் செய்யும் இரண்டு வேலைகளும் அந்த ஒரு வினைக்குள் அடங்கியிருக்கின்றன. ஆனால் பல நிலையங்களில் நம் கண்முன் எண்களைக் காட்டி நிற்கும் பெட்டிக்குள் எக்கியே கிடையாது. அது நிலத்தடித் தொட்டிக்குள் மூழ்கியிருந்து எரிபொருளை மேலே தள்ளுகிறது. கண்முன் நிற்பது அளந்து கொடுக்கும் பெட்டி. 'வழங்கி' என்பதே அதற்குச் சரியான பெயர்.

அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் 1885இல் சில்வேனஸ் பவுசர் என்பவர் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றும் கைப்பம்ப் ஒன்றைச் செய்து விற்றார். ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் பம்புக்கே அவர் பெயர் நிலைத்தது. இலங்கைத் தமிழில் எரிபொருளும் நீரும் ஏற்றிவரும் லாரி 'பவுசர்' ஆனது. ஒரு மனிதரின் பெயர் சொல்லாகித் தமிழுக்குள் குடியேறிவிட்டது. அதை வெளியேற்றச் சொல்ல மாட்டேன். நாசிலையும் யாரும் விரட்ட வேண்டியதில்லை. மூக்கு என்று சொல்லத் தொடங்கினால் போதும், விளக்கமும் கூடவே வந்துவிடும். 'டக்' என்று நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் போடச் சொல்பவரிடம், "மூக்கு அடைத்துவிட்டது, போதும்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் ஊற்றினால், பல கார்களில் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் திரவமே புகுந்து அதைக் கெடுத்துவிடலாம்.