இன்ஜெஸ்ட்: இறக்குவதா, உள்வாங்குவதா?

எடிட்டிங் அறையில் "ஃபுட்டேஜ் இறக்கியாச்சா?" என்று கேட்பார்கள். கையடக்க ரெக்கார்டரிலோ கேமரா கார்டிலோ கிடக்கும் வீடியோ கோப்புகளைக் கணினிக்குக் கொண்டுவந்து, தொகுப்புக்குத் தயார் செய்யும் வேலை அது. எடிட்டிங் மென்பொருளில் இதற்குப் பெயர் இன்ஜெஸ்ட்.

வேர் லத்தீன். 'இன்' என்றால் உள்ளே, 'கெரெரே' என்றால் சுமத்தல். ஆங்கிலத்துக்கு வந்தபோது உணவையோ மருந்தையோ வயிற்றுக்குள் அனுப்புவதைக் குறித்தது. கணினி, வீடியோ துறைகளுக்கு வந்தது வெகு பிற்பாடு. செரிமானத்தைக் குறிக்கும் டைஜெஸ்ட் இதே வேரில் பிறந்த தம்பி. அதன் லத்தீன் மூலத்துக்குப் பிரித்து ஒழுங்குபடுத்துதல் என்று பொருள். எடிட்டர் செய்வதும் அதுதானே!

டேப் காலத்தில் இதை 'கேப்சர்', அதாவது பிடித்தல், என்றார்கள். கேமராவை ஃபயர்வயர் கேபிளால் கணினியோடு இணைத்து, அதிலுள்ள மினிடிவி டேப்பை ஓடவிட வேண்டும். ஒரு மணி நேரப் பதிவைக் கணினிக்குள் கொண்டுவர ஒரு மணி நேரமே ஆகும். ஹார்ட் டிஸ்கில் சுமார் 13 ஜிபி போய்விடும். ஓடுகிறதைப் பிடித்ததால் பெயர் பொருந்தியது. கார்டில் அப்படி ஓடுவது எதுவும் இல்லை, கோப்பு ஏற்கெனவே கோப்பாகத்தான் இருக்கிறது.

சரி, அப்படியானால் இது வெறும் காப்பிதானே? இல்லை. 2006-இல் சோனியும் பானசோனிக்கும் அறிமுகம் செய்த ஏவிசிஎச்டி என்ற வீடியோ பதிவு முறையையே பாருங்கள். நீளமான ஷாட் ஒன்று, கோப்பின் அளவு வரம்பை எட்டியதும் பல எம்டிஎஸ் (அந்த முறையின் வீடியோ கோப்பு வகை) கோப்புகளாக உடைந்து பதிவாகும். எது எதன் தொடர்ச்சி என்ற விவரம் பக்கத்து ஃபோல்டர்களில் இருக்கும். எம்டிஎஸ்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஒட்டும் இடத்தில் படமோ ஒலியோ ஒரு கணம் விட்டுப்போகலாம். அதனால் கார்டில் உள்ள ஃபோல்டர் அமைப்பை அப்படியே எடுப்பதே முறை. அப்புறம், நகல் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று செக்சம் பார்ப்பது, பெயரிடுவது, கனமான கோப்புகளுக்கு எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் இலகுவான ப்ராக்ஸி நகல் உருவாக்குவது எல்லாமே இன்ஜெஸ்ட்டுக்குள் அடக்கம்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'இறக்குதல்' புழக்கத்தில் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஒரு வம்பு உண்டு. சரக்கை இறக்கினால் லாரி காலியாகும். இங்கே கார்டு காலியாவதில்லை. இறக்கியாச்சு என்ற சொல்லை நம்பி, சரிபார்க்காமலே கார்டை ஃபார்மட் செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'பதிவிறக்கம்' டவுன்லோடுக்கும் 'பதிவேற்றம்' அப்லோடுக்கும் நிலைத்துவிட்டன, அவற்றை இழுக்க வேண்டாம். 'இறக்குமதி' இம்போர்ட்டுக்குச் சரி. ஆனால் பல மென்பொருள்களில் இம்போர்ட் என்பது கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டுவது மட்டுமே, நகலெடுப்பதில்லை. 'உட்கொள்ளல்' அகராதிப்படி நேரான சொல். என்ன, மருந்துப் பாட்டில் ஞாபகம் வந்துவிடுகிறது.

என் தேர்வு 'உள்வாங்கல்'. கடல் உள்வாங்கியது என்றால் நீர் பின்வாங்கியது என்று அர்த்தமாகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் கோப்பு, காட்சி என்று செயப்படுபொருள் முன்னால் வந்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது: "ரெண்டு கார்டையும் உள்வாங்கியாச்சு, செக்சம் ஓடுது." வெறும் நகலுக்குப் 'படியெடுத்தல்' இருக்கட்டும்.