சூழல் டி.என்.ஏ.

நீர், மண், காற்று, கடலடி அடையல் ஆகியவற்றில் உயிரினங்கள் விட்டுச்சென்ற டி.என்.ஏ.யே இது. செதில், சளி, மலம், அழுகிய இலைத்துண்டு என எதிலிருந்தும் அது வந்திருக்கலாம். உயிரினத்தைக் கண்ணால் காணாமலே, அது அங்கே இருந்ததை இதைக்கொண்டு அறியலாம். ஆங்கிலச் சுருக்கம் 'ஈ-டி.என்.ஏ.'

இச்சொல் சேற்றில் பிறந்தது. 1987இல் ஓக்ரம், சேய்லர், பார்க்கே ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அடையலிலிருந்து நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டபோது இதைக் கையாண்டார்கள். 2008இல் பிரான்சில் குளத்து நீரை மட்டும் சோதித்து அமெரிக்க எருதுத்தவளை இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு, இன்று வாழும் பெரிய விலங்குகளைத் தேடவும் இது பரவலானது.

தமிழில் 'சுற்றுச்சூழல் மரபணு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மரபணு என்பது இலங்கைப் பாடநூல்கள் பரம்பரையலகு என்று சொல்வது, அது டி.என்.ஏ.யின் ஒரு பகுதி, முழுவதும் அல்ல. 'என்வயர்ன்மென்ட்' என்பதன் அடியில் இருப்பது 'சுற்றிலும்' என்னும் பிரெஞ்சுச் சொல். 'சூழ்' என்ற ஒரே வினையடி அதைத் தாங்கிவிடும். அதன் முன் 'சுற்று' மிகை. ஆகவே 'சூழல் டி.என்.ஏ.' போதும்.

இன்று இச்சொல் அதிகம் அடிபடும் இடங்களில் ஒன்று கடற்பாசிக் காபன், அதாவது கடற்பாசிகள் உறிஞ்சிச் சேர்க்கும் காபன். கண்டலும் கடற்புல்லும் தம் வேரடிச் சேற்றிலேயே காபனைப் புதைக்கும். பாசிக்கு வேர் இல்லை. பெரும்பாலும் பாறையைப் பற்றி வளர்வது. அறுந்த துண்டுகள் மிதந்து போய் வேறெங்கோ ஆழத்தில் அடைகின்றன. இப்படிக் கடற்பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 173 மில்லியன் தொன் காபனை நீண்டகாலத்துக்கு ஒதுக்கக்கூடும் என 2016இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஆனால் அதன் வீச்சு 61 முதல் 268 வரை. அவ்வளவு அகலமான கணக்குக்குச் சான்று வேண்டாமா? 2019இல் 4,000 மீற்றர் ஆழம் வரை கடல்நீரில் பாசியின் டி.என்.ஏ. இருப்பது காட்டப்பட்டது.

கொழும்பின் காக்கைதீவில், இலங்கையின் நீர்வள ஆய்வு நிறுவனமான நாராவுக்கு அருகே களனி ஆறு கடலில் கலக்கும் இடத்துச் சேற்றை எடுத்தால், அதில் மலைநாட்டு இலைச்சருகு, கண்டல், பாசி எல்லாம் கலந்திருக்கலாம். காபன் எதிலிருந்து வந்தது என்று அறியப் பார்க்கும் காபன்-13 சமதானி (சற்றுக் கனமான காபன் அணு) அளவுகள் ஒன்றோடொன்று மேற்படிவதால் அவை மட்டும் மூலத்தைப் பிரித்துக் காட்டா. டி.என்.ஏ.யோ இனத்தின் பெயரையே சொல்லும்; 'சிலோன் மொஸ்' என்று ஒருகாலம் ஏற்றுமதியான கஞ்சிப்பாசியா, வேறொன்றா என்று.

ஆனால் டி.என்.ஏ. சிதையும் வேகம் வேறு, காபன் சிதையும் வேகம் வேறு. 'அடையலில் பாசி டி.என்.ஏ. 30 வீதம், எனவே காபனும் 30 வீதம்' என்று எழுதினால் பிழை.