ஹெம்ப் என்றால் சணல் இல்லை

‘இண்டஸ்ட்ரியல் ஹெம்ப்’ என்பதைத் தமிழாக்கி, ‘உத்தரகண்டில் தொழில்துறை சணலுக்குச் சட்ட அனுமதி’ என்று மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பு கண்ணில் பட்டது. சணலை இந்த நாட்டில் யார் எப்போது தடை செய்தார்கள்? சாக்கு தைக்கிற சணலை வங்காளத்தில் காலங்காலமாகப் பயிரிடுகிறார்கள், அதற்கு உரிமமும் தேவையில்லை, போலீஸும் வருவதில்லை. உத்தரகண்டில் 2018இல் அனுமதித்தது கஞ்சா இனச் செடியை. போதை தருகிற டி.எச்.சி. 0.3 விழுக்காட்டைத் தாண்டாத வகை, அவ்வளவுதான்.

ஹெம்ப் என்ற சொல்லும் கன்னபிஸ் என்ற கிரேக்கச் சொல்லும் உறவு. இரண்டும் ஒரே செடியைக் குறித்தவை. பிறகு ஆங்கிலேயர்கள் நார் தரும் செடிக்கெல்லாம் ஹெம்ப் என்று வால் ஒட்டினார்கள், மணிலாவில் நாருக்காக வளர்க்கும் வாழை உட்பட. நம் சணப்பையும் அப்படித்தான் ‘சன் ஹெம்ப்’ ஆனது.

குழப்பத்தின் வேர் இதுதான். சணப்பை அவரைக் குடும்பம். மஞ்சளாகப் பூக்கும், பூக்கிற சமயத்தில் வயலிலேயே மடக்கி உழுதால் நெல்லுக்குப் பசுந்தாள் உரம். சாக்குச் சணல் வேறு குடும்பம். கஞ்சா இன்னொரு குடும்பம். மூன்றையும் ‘சணல்’ என்றே எழுதினால் படிக்கிற விவசாயி என்ன நினைப்பார்? தன் வயலில் நிற்பதற்கு உரிமம் வேண்டுமோ என்று பயப்படுவார், அல்லது சணல்தானே என்று நம்பி எவனோ விற்கிற விதையை வாங்கி விதைத்துவிட்டு வழக்கில் மாட்டுவார். ‘பழைய அகராதியில் இருக்கிறது’ என்கிறார்கள். அகராதிகள் சணல் என்று சொன்னது சணப்பையை ஐயா, அதன் ஆங்கிலப் பெயரில் ஹெம்ப் இருப்பதைப் பார்த்து இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தைப் பாருங்கள். அதில் கஞ்சா என்பது பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. அந்த நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. ஆனால் செடியை வளர்ப்பது பொதுவாகக் குற்றம். 14ஆம் பிரிவோ, நாருக்கோ விதைக்கோ தொழில் நோக்கில் வளர்க்க அரசு அனுமதிக்கலாம் என்கிறது. ஆக, செடி ஒன்றுதான், நோக்கம்தான் வேறு. பெயரிலும் அது தெரியவேண்டும் அல்லவா?

அதனால்தான் ஹெம்பை நார்க்கஞ்சா என்கிறேன். ‘தொழில்துறை’யைத் தூக்கிப் போடுங்கள், ‘தொழில்துறைக் கஞ்சா’ என்றால் ஆலையில் செய்த கஞ்சா என்றுதான் காதில் விழும். விதைக்கும் வளர்க்கிறார்களே என்றால், இது வகைக்கான பெயர், விதையை நார்க்கஞ்சா விதை என்று சொல்லிக்கொள்ளலாம். கஞ்சா வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். சரி, சணலும் வடமொழியின் ‘சண’த்திலிருந்து வந்ததுதானே? சித்த மருத்துவத்தில் கோரக்கர் மூலி என்ற பெயர் இருக்கிறது, அழகான பெயர்தான், ஆனால் அது மருந்துச் செடியின் பெயர், கயிறு திரிக்கிற பயிருக்கு ஒட்டாது.

கஞ்சா என்ற சொல்லுக்கு அஞ்சித்தான் பலர் சணலுக்குள் ஒளிகிறார்கள். 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நார்க்கஞ்சா விதையையும் அதன் எண்ணெயையும் உணவாக ஏற்ற பிறகு, தமிழில் விளம்பரம் எழுதுகிறவர்கள் ‘சணல் விதை எண்ணெய்’ என்றே போடுகிறார்கள். வாங்குகிறவருக்குத் தான் எந்தச் செடியின் எண்ணெயைச் சாப்பிடுகிறோம் என்று தெரியவேண்டாமா?